கயலுக்கு: காஸ்டிங் குறிப்பை அனுப்பும் முன்

அன்புள்ள கயல்,

உங்கள் கார்ட்டூன் தழுவலுக்கு நடிகர்களைத் தேடி நீ எழுதி அனுப்பிய காஸ்டிங் குறிப்பைப் படித்தேன். ஒரு நடிகர் பெயர்கூட இன்னும் வெளியே வரவில்லை, அதற்குள் ரசிகர்கள் ஏன் சண்டைக்கு நிற்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். அவர்கள் சூடு கண்டவர்கள், கண்ணு. அந்தச் சூடு எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டால், உன் குறிப்பில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். அதனால் முதலில் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கதையைச் சொல்லிவிடுகிறேன். கார்ட்டூனை நிஜ நடிகர்களை வைத்து எடுக்கும் தொழிலில் அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

அந்தத் தொடர் 2005 பிப்ரவரியில் நிக்கலோடியனில் ஆரம்பித்து 2008 ஜூலையில் முடிந்தது. மொத்தம் 61 பகுதிகள். நீர், நிலம், நெருப்பு, காற்று என்று நான்கு பூதங்களை ஆளும் மக்கள். நீருக்குத் தாய் சி, நிலத்துக்கு ஹுங் கார், நெருப்புக்கு வட ஷாவோலின், காற்றுக்குப் பா குவா என்று நான்கு சீனத் தற்காப்புக் கலைகளை எடுத்துக்கொண்டார்கள். சிஃபூ கிசு என்ற ஆசிரியர் ஆலோசகராக இருந்து அசைவுகளைச் செய்து காட்டினார். திரையில் தெரியும் கடிதம், பெயர்ப்பலகை எல்லாம் படிக்கக்கூடிய சீன எழுத்து. தென்துருவ நீர்க்குடியின் தோலாடை, பனிவீடு, படகு எல்லாம் வடதுருவப் பூர்வகுடிகளான இனூயிட் மக்களின் வாழ்க்கையிலிருந்து வந்தவை. அந்த உலகத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதில் பார்த்த குழந்தைகளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

2008 டிசம்பரில் ஹாலிவுட் படத்துக்கான நடிகர்களை அறிவித்தார்கள். நாயகன் ஆங், அவனுடைய தோழர்களான கட்டாரா, அவள் அண்ணன் சொக்கா, அவர்களைத் துரத்தும் நெருப்புத் தேசத்து இளவரசன் ஜூகோ நால்வருக்கும் வெள்ளை நடிகர்கள். ரசிகர்கள் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும் இயக்கம் தொடங்கினார்கள். பாத்திரத்தின் இனத்தை வளைத்து மாற்றுவதைக் குறிக்கும் 'ரேஸ்பெண்டிங்' என்ற பெயரே அப்போது பிறந்ததுதான். பிறகு ஜூகோவாக அறிவிக்கப்பட்ட ஜெஸ்ஸி மெக்கார்ட்னி தேதி ஒத்துவராமல் விலக, 2009இல் தேவ் படேல் வந்தார். இங்கேதான் உன் வேலைக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. ஜூகோ மாநிறம் என்றால் அவன் அப்பா ஓசாய், பெரியப்பா ஐரோ, தங்கை அசூலா எல்லாரும் அந்தச் சாயலில்தானே இருந்தாக வேண்டும்? அப்படியே ஆயிற்று. உலகத்தைக் காப்பாற்றும் மூன்று பிள்ளைகளும் வெள்ளையர், உலகத்தை எரிக்கும் தேசம் முழுக்க மாநிறத்தவர். அப்படி ஒரு திட்டத்தோடு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நடிகர் தேர்வில் ஒருவரை மாற்றினால் அவரோடு ஒரு குடும்பமே மாறும். அந்தக் கணக்கைக் கடைசியில் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. இயக்குநர் ஷியாமளன் மாஹேயில் பிறந்தவர், தாயார் தமிழர். அதுகூட இதைத் தடுக்கவில்லை. வரைந்த முகங்கள் எந்த இனத்துக்கும் பொருந்தும்படி பொதுவாகத்தான் இருக்கின்றன என்று அவர் பதில் சொன்னார். முகம் மட்டும் பொதுவாக இருந்திருக்கலாம். உடுத்தியது, உண்டது, எழுதியது, சண்டை போட்ட விதம் எதுவும் பொதுவாக இல்லையே.

அந்தப் படத்தின் காஸ்டிங் அழைப்பில் முக்கியப் பாத்திரங்களுக்கு 'காக்கேஷியன் அல்லது வேறு எந்த இனமும்' என்று இருந்தது, காக்கேஷியன் என்றால் வெள்ளையர். துணை நடிகர்களைத் திரட்டும்போது பாரம்பரிய உடையில் வரச்சொல்லி, கொரியர் என்றால் கிமோனோ போட்டு வாருங்கள் என்றார்கள். கிமோனோ ஜப்பானியர் உடை, கொரியருடையது ஹன்போக். முன்னால் நிற்பவர்களுக்கு ஒரு அளவுகோல், பின்னணியில் கூட்டமாக நிற்பவர்களுக்கு வேறொரு அளவுகோல் என்பதை அந்த இரண்டு வரிகளும் காட்டிக்கொடுத்துவிட்டன.

இப்போது உன் குறிப்பு. கதாநாயகிக்கு 'எந்தப் பின்னணியும் வரவேற்கப்படுகிறது' என்று எழுதியிருக்கிறாய். கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் அப்படி எழுதினால் ஏஜென்ட்டுகள் வழக்கமாக யாரை அனுப்புவார்களோ அவர்களையே அனுப்புவார்கள். தேடல் நடக்கவே நடக்காது. இப்படி மாற்று. முதலில் அந்தப் பாத்திரத்தின் உலகம் எந்த மக்களின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரே வரியில் எழுது. அடுத்த வரியில், அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்களை முதலில் தேடுகிறோம், முன் அனுபவம் கட்டாயமில்லை என்று சொல். 'முன் அனுபவம் கட்டாயமில்லை' என்பதை விட்டுவிடாதே. இத்தனை வருடம் வாய்ப்பே கிடைக்காதவர்களிடம் அனுபவம் கேட்டால் எங்கே போவார்கள்? நடிகர்கள் தாங்களே நடித்துப் பதிவு செய்யும் செல்ஃப் டேப் அனுப்பக் குறைந்தது 3 வாரம் கொடு. அழைப்பை ஏஜென்ட்டுகளோடு நிறுத்தாமல் அந்தச் சமூகங்களின் பள்ளிகள், நாடகக் குழுக்கள், பண்பாட்டு மையங்களுக்கும் அனுப்பு. ஆடிஷன் அறையில் 'நீ எந்த ஊர், என்ன இனம்' என்று யாரையும் நேரில் கேட்காதே. விருப்பமிருந்தால் நிரப்பும் படிவமாகத் தனியே வை. ஆனால் பின்னணியை விளம்பரத்தில் சொல்லப்போகிறீர்கள் என்றால், அறிவிப்புக்கு முன்னால் நடிகரோடும் அந்தச் சமூகத்தாரோடும் உட்கார்ந்து என்ன சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னாளில் அதே 'அவதார்' கதையை நிஜ நடிகர்களோடு எடுத்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில் சொக்காவாக நடித்தவரின் செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடிப் பின்னணி பற்றிக் கேள்வி கிளம்பியபோது, பாவம், அந்த இளைஞர்தான் தனியாக அடிவாங்கினார்.

பிறகு தேர்வின் வரிசை. கதாநாயகனை முதலில் பிடித்துவிட்டு மற்றவர்களை அவனைச் சுற்றி நிரப்புவதுதான் வழக்கம். நான் உன் இடத்தில் இருந்தால் உறவுகளிலிருந்து ஆரம்பிப்பேன். அண்ணன் தங்கை, அப்பா மகன் என்று ரத்த உறவுள்ள ஜோடிகளை ஒன்றாக வைத்து வாசிக்கச் சொல். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கடைசி 3 பேர் வரும்வரை யாரையும் உறுதி செய்யாதே. பிறகு எல்லாருடைய புகைப்படத்தையும் ஒரே சுவரில் ஒட்டி, நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார். பத்து நிமிட வேலை. நான் மேலே சொன்ன கூத்து அந்தச் சுவரிலேயே தெரிந்திருக்கும்.

வாசிக்கக் கொடுக்கும் காட்சியிலும் கவனம் வேண்டும். ரசிகர்களுக்கு மனப்பாடமான வசனத்தை முதல் சுற்றில் கொடுக்காதே. நடிகர்கள் பழைய குரல் கலைஞரை அப்படியே மிமிக்ரி செய்துவிடுவார்கள், உங்களுக்கும் அது பிடித்துப்போகும். யாரும் பெரிதாக நினைவில் வைத்திராத ஒரு அமைதியான காட்சியைக் கொடு. எதிரில் பேசுபவரைக் கேட்கத் தெரிகிறதா என்று அதில்தான் தெரியும். ஷியாமளன் படத்தில் ஆங்காக நடித்த சிறுவன் டேக்வாண்டோ கறுப்புப் பட்டை, சினிமாவுக்குப் புதியவன். உதையை ஆறு வாரம் பயிற்சி கொடுத்து ஒப்பேற்றிவிடலாம், வெட்டி ஒட்டி மறைக்கவும் முடியும். நெருக்கக் காட்சியில் கண்ணில் ஒன்றும் ஓடவில்லை என்றால் மறைக்க வழியில்லை.

வயதையும் பார். கதையில் ஆங்குக்கு 12 வயது, முழுக் கதையும் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். வரைந்த பிள்ளை வளராது, நிஜப் பிள்ளை வளரும். நீ இருக்கும் வான்கூவரில் 2021 கடைசியில் நெட்ஃபிளிக்ஸ் படப்பிடிப்பு ஆரம்பித்தது, தொடர் வந்தது 2024 பிப்ரவரி 22. இதற்காகவே, கோடைக்குள் வால்நட்சத்திரம் வந்து நெருப்புத் தேசத்தின் பலம் பெருகிவிடும் என்ற கெடுவை முதல் சீசனிலிருந்து எடுத்துவிட்டார்கள். நடிகர்களின் வயதுக்குப் பொருந்தியது, ஆனால் கதையை விரட்டிக்கொண்டிருந்த அவசரமும் கூடவே போய்விட்டது. உங்கள் கதையில் அப்படிக் கெடு இருந்தால் எழுத்தாளர்களிடம் இப்போதே கேள். இரண்டு சீசனைச் சேர்த்து எடுப்பது ஒரு வழி. நெட்ஃபிளிக்ஸும் இரண்டாம், மூன்றாம் சீசன்களுக்கு ஒன்றாகத்தான் அனுமதி கொடுத்தது.

முகம் சரியாக அமைந்தாலும் மீதியில் சறுக்கலாம். 2010 ஜூலையில் வந்த ஷியாமளன் படத்துக்குச் செலவு சுமார் 15 கோடி டாலர். அதில் ஒரு காட்சி இன்றும் பேசப்படுகிறது. சிறைப்பட்ட, நிலத்தை ஆளும் ஆறு பேர் வரிசையாக நின்று காலை உதைத்து, கையைச் சுழற்றி நீளமாக ஆடுவார்கள். அதன் பிறகு ஒரே ஒரு கல் மெதுவாக மிதந்து வரும். மூலத் தொடரில் முஷ்டி நிற்கும் பிரேமிலேயே பாறை கிளம்பிவிடும், அதனால்தான் கனம் தெரியும். ஆட்டமும் விளைவும் பிரிந்தால் பார்ப்பவனுக்கு இரண்டுமே பொய். அதே காட்சியில் இன்னொன்று. தொடரில் அந்தச் சிறை கடல் நடுவே இரும்பால் கட்டிய மேடை. சுற்றிலும் மண்ணே கிடையாது, அதனால்தான் அவர்கள் கைதிகளாக இருக்கிறார்கள். படத்தில் சிறை மண்தரையில் இருக்கிறது, காலடியில் ஆயுதத்தை வைத்துக்கொண்டு கைதியாக நிற்கிறார்கள். இந்த மாதிரி இடத்தில் ரசிகன் கோபப்படுவது நூற்றுக்கு நூறு நியாயம். பெயர்களையும் விடவில்லை. சொக்கா 'சோக்கா' ஆனான், ஐரோ 'ஈரோ' ஆனார்.

முதல் சீசனின் 20 பகுதிகளை 103 நிமிடத்தில் அடைத்ததுதான் காரணம் என்பார்கள். அது பாதிதான். நெட்ஃபிளிக்ஸுக்கு 8 பகுதிகள், மூலத்தின் முதல் சீசனுக்குக் கிட்டத்தட்ட சமமான நேரம் கிடைத்தது. மற்ற இனப் பாத்திரங்களுக்கு வெள்ளையரைப் போடும் வெள்ளைப்பூச்சு இல்லாத தேர்வு என்று 2018இலேயே வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். மோஹாக் என்ற வட அமெரிக்கப் பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த கியாவெண்டியோ கட்டாரா, டாலஸ் லியூ ஜூகோ, பால் சன்-ஹ்யூங் லீ ஐரோ. ஜூகோவும் ஐரோவும் வரும் காட்சிகளுக்காகவே அதை உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் மூலப் படைப்பாளிகள் டிமார்டினோவும் கோனியட்ஸ்கோவும் 2020இலேயே விலகியிருந்தார்கள். சொக்காவின் ஆணாதிக்கப் பேச்சைக் குறைத்துவிட்டோம் என்றது குழு. அந்தப் பேச்சு தவறு என்று காட்டத்தான் மூலத்தில் ஒரு பகுதியே இருந்தது. பெண்கள் உடையை உடுத்திக்கொண்டு சூகி என்ற வீராங்கனையிடம் மண்டியிட்டுப் பாடம் கேட்பான். குறையைச் சுரண்டி எடுத்தால் திருந்துவதற்கு என்ன மிச்சம் இருக்கும்? காஸ்டிங் பிரிவுக்கு இதில் கை இல்லை, ஆனாலும் குறை இல்லாத பாத்திரத்துக்கு நல்ல நடிகர் கிடைப்பது கஷ்டம் என்று எழுத்தாளர்களிடம் நீ சொல்லலாம்.

வரைந்த முகம் மாதிரியே அச்சாக ஆள் வேண்டும் என்பதில்லை. 2023இல் ஜப்பானியக் காமிக்ஸான 'ஒன் பீஸ்' நிஜ நடிகர்களோடு வந்தபோது நாயகன் லூஃபியாக மெக்சிகோவின் இன்யாகி கொடோய். மூல ஆசிரியர் ஓடா, நிஜ உலகில் அவன் பிரேசில்காரனாக இருப்பான் என்று எப்போதோ சொல்லியிருந்தார். நாடு வேறுதான், ரசிகர்கள் அள்ளிக்கொண்டார்கள். தனக்குத் திருப்தியாகும்வரை வெளியிடமாட்டார்கள் என்று ஓடா தன் பெயரில் கடிதமே எழுதியிருந்தார், அந்த நம்பிக்கைக்கும் பங்கு உண்டு. இதற்கு நேர் எதிர் 2021இன் 'ஃபேட்: தி விங்க்ஸ் சாகா'. இத்தாலியக் கார்ட்டூனில் கிழக்காசியச் சாயலில் இருந்த மியூசாவுக்கு வேறு சாயலில் நடிகை, லத்தீன் பெண்ணான ஃப்ளோராவைக் காணோம், அவள் இடத்தில் டெர்ரா என்று ஒரு வெள்ளைப் பெண். இரண்டாம் சீசனில் ஃப்ளோராவைக் கொண்டுவந்தார்கள். அந்த 2022ஆம் வருடமே தொடரை நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே வருகிற எதிர்ப்பைப் பிரித்து வை. 'இந்தப் பாத்திரத்தின் வேரை அறுத்துவிட்டீர்கள்' என்பது ஒன்று, அதை வரி வரியாக எழுதி இயக்குநரின் மேசைக்கு அனுப்பு. 'தலைமுடி வேறு நிறம், கண் சின்னது' என்பது இன்னொன்று, அது ஒப்பனை, விக் பிரிவின் விஷயம், டெஸ்ட் ஷூட் முடியட்டும். மூன்றாவது, நடிகரின் தோலையும் உடலையும் திட்டுவது. அதற்கு விமர்சனம் என்று பெயர் வைக்காதே. 2018இல் 'டைட்டன்ஸ்' தொடரின் ஸ்டார்ஃபயராக நடித்த ஆனா டியோப் தன் இன்ஸ்டாகிராம் கருத்துப் பெட்டியை மூடவேண்டி வந்தது. அது ஆரஞ்சு நிறத் தோல் கொண்ட வேற்றுக்கிரகப் பாத்திரம்!

உங்கள் தேர்வில் சிறுவர்கள் இருப்பதால் இதை ஒப்பந்தம் போடும் நாளிலேயே செய். அறிவிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பு பெற்றோரை அழைத்துப் பேசு. பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்ளட்டும், கருத்துகளைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறந்து வைக்கட்டும், பள்ளியின் பெயரும் வீட்டின் முகப்பும் தெரியும் பழைய படங்களை நீக்கட்டும். முக்கிய நடிகர்கள் எல்லாரையும் ஒரே நாளில், உடை ஒப்பனையோடு அறிவியுங்கள். ஒருவரை மட்டும் முதலில் விட்டால் மொத்தக் கோபமும் அந்தக் குழந்தை தலையில் விழும். முதல் 3 நாள் வரும் மிரட்டலைப் படிக்கவும் பதியவும் நிறுவனத்தில் பெயர் சொல்லி ஒருவரை நியமிக்கச் சொல். அந்த ஆள் யார் என்பது பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், தொலைபேசி எண்ணோடு.

திருத்திய குறிப்பை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா