எல்லாருக்கும் ஜனவரி 1

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லாரும் நலம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதாக உன் அத்தையைக் குடியாத்தம் கல்யாணத்தில் பார்த்தபோது சொன்னார்கள். ஜெயந்திக்குக் காட்பாடிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. 

இந்தக் கடிதம் ஒரு பிறந்த தேதியைப் பற்றியது. டொராண்டோவில் உட்கார்ந்து நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டுப் படி.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம். அவர்களுடைய பதிவுப் படிவத்தைச் சீர்செய்யும் வேலை இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன படிவம். அதை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் பார்க்கப் போனேன். வரிசையில் ஒரு பாட்டி. பதிவு செய்துகொண்டிருந்த கல்லூரிப் பெண் பிறந்த தேதி கேட்டாள். பாட்டி யோசிக்கவே இல்லை: "நந்தன வருஷம், ஆடிப்பெருக்குக்கு மறுநாள்."

அந்தப் பெண் டேப்லெட்டைப் பார்த்தாள். காலண்டர் இந்த மாதத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. "வயசு எவ்வளவு பாட்டி?" என்று கேட்டு, குத்துமதிப்பாக ஒரு வருடத்தைத் தேடிப் பிடித்து, ஜனவரி 1 என்று போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். தேதி தெரியாதவர்களுக்கு அப்படித்தான் போட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பாட்டிக்குத் தேதி தெரியுமே, செல்வி! நந்தன என்றால் 1952. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்றால் ஆகஸ்ட் முதல் வாரம். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் எந்த நாள் என்றே சொல்லிவிடலாம்.

வீட்டுக்கு வந்து டேட்டாபேஸைத் திறந்தால் வரிசையாக ஜனவரி 1. இடையிடையே ஜூன் மாதத்துத் தேதிகள். அவை பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர்கள் வைத்தவையாக இருக்கும், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வைத்ததைப் போல. பழைய ஆதார் அட்டைகள் பலவற்றில் பிறந்த ஆண்டு மட்டும்தானே அச்சாகியிருக்கிறது? அங்கே தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் படிவம் தெரியாததையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது. சொல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே விடாது.

எனக்குக் கோபம் ஏன் தணியவில்லை என்றால், இப்படிப் போட்ட பிறந்த தேதி ஓரிடத்தில் நிற்பதில்லை. முகாம் சீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக் கோப்புக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு காகிதத்துக்குப் போகும். முதியோர் ஓய்வூதியத்துக்கு அறுபது வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு காகிதத்தில் இரண்டு தேதி இருந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும். உன் அப்பா எத்தனை முறை அலைந்தார்!

எங்கள் அலுவலகத்துப் பையன், "பிரவுசரிலேயே டேட் இன்புட் இருக்கிறதே, காலண்டரோடு வரும் தேதிப் பெட்டி, அது போதாதா அக்கா?" என்றான். முகாமுக்கு மறுபடி வரச் சொல்லும் தேதிக்கு அது போதும், நன்றாகவே போதும். மறுபரிசோதனை வியாழக்கிழமைகளில்தான் என்பதால் மின் (min, மிக முந்தைய தேதி) என்பதில் ஒரு வியாழக்கிழமையை வைத்து, ஏழு நாளுக்கு ஒன்று என்பதற்கு ஸ்டெப் 7 என்று கொடுத்தேன். வேறு கிழமையைப் படிவம் ஏற்காது. ஒன்று கவனி: மின், மேக்ஸ் (max, கடைசித் தேதி) இரண்டையும் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். பழைய படிவத்தில் நாளை முன்னால் எழுதியிருந்தார்கள். பிரவுசர் முணுமுணுக்காமல் அதை ஒதுக்கிவிட்டது. 2042இல் பிறந்த ஒருவர் பட்டியலில் இருப்பது அப்படித்தான். சர்வரிலும் யாரும் சரிபார்க்கவில்லை.

பிறந்த தேதிக்கு அந்தக் காலண்டர் உதவாது. உள்ளே சேமிப்பது எப்போதும் 1952-08-03 மாதிரி ஒரே வடிவம்தான். திரையில் காட்டுவது மட்டும் அந்தக் கருவியின் மொழி அமைப்பைப் பொறுத்தது. தன்னார்வலர்களின் லேப்டாப்களில் பாதி அமெரிக்க ஆங்கிலத்தில் கிடக்கின்றன. மாதம் முன்னால் வருகிறது. நம் ஆட்கள் பழக்கத்தில் 5, 6 என்று தட்டினால் ஜூன் 5 போய் மே 6 ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. 12க்கு மேற்பட்ட நாளாக இருந்தால்தான் மாட்டும். உங்கள் ஊரிலும் இரண்டு வழக்கமும் கலந்து கிடப்பதாக நீதானே புலம்பினாய்?

ஆகவே மூன்று பெட்டிகள் வைத்துவிட்டேன்: நாள், மாதம், ஆண்டு. மாதம் பெயராகவே இருக்கும். பிரிட்டிஷ் அரசின் இணையப் படிவங்களுக்கான வழிகாட்டியும் மனப்பாடமாகத் தெரிந்த தேதிக்கு மூன்று பெட்டிகளைத்தான் சொல்கிறது. ஆண்டு மட்டும் கட்டாயம். மற்ற இரண்டும் காலியாக இருந்தால் காலியாகவே சேமிக்கும். மேலாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, "அரைகுறைத் தேதியை எந்த ஆஸ்பத்திரி சிஸ்டம் வாங்கும்?" என்றார். மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எஃப்.ஹெச்.ஐ.ஆர் தரத்தில் பிறந்த தேதியாக வெறும் ஆண்டையோ, ஆண்டும் மாதமும் மட்டுமோ கொடுக்கலாம் என்று எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அதோடு விடவில்லை. ஆண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் அறுபது தமிழ் வருடப் பெயர்களையும் வைத்திருக்கிறேன். அறுபது வருடத்துக்கொருமுறை சுற்றி வருகிறதே என்று பையன் கவலைப்பட்டான். கண்புரை முகாமில் 1952இல் பிறந்தவரையும் 2012இல் பிறந்தவரையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். உண்மையான சிக்கல் வேறிடத்தில். தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் நந்தன வருடத்துத் தை மாதம் 1953 ஜனவரியில் விழும். வருடப் பெயரோடு மாதமும் தெரிந்தால்தான் ஆங்கில ஆண்டைச் சரியாகச் சொல்ல முடியும். மார்கழியில் பிறந்தவர்கள் இரண்டு ஆண்டிலும் கால் வைத்திருக்கிறார்கள், அவர்களிடம் மட்டும் "பொங்கலுக்கு எத்தனை நாள் முன்னால்?" என்று படிவம் இன்னொரு கேள்வி கேட்கும். இந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் பட்டென்று பதில் சொல்கிறார்கள்!

இன்னொரு கூத்தையும் கேள். ஆகஸ்ட் 15 அன்று பிறந்த ஒருவருக்குச் சீட்டில் ஆகஸ்ட் 14 என்று அச்சாகி வந்தது. நம் ஊர் நள்ளிரவை, பிரவுசரில் படிவத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் ஐந்தரை மணி நேரம் குறைந்து முந்தைய நாள் மாலை ஆறரை ஆகிவிடும்; அதில் தேதியை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிறந்த தேதிக்கு மணி எதற்கு? இப்போது வெறும் தேதியாகவே போய், வெறும் தேதியாகவே திரும்பி வருகிறது.

பழைய ஜனவரி 1களை என்ன செய்வதென்பதுதான் மிச்சம். நிஜமாகவே அன்று பிறந்தவர்களும் அதில் இருப்பார்கள், அதனால் மொத்தமாக அழிக்கக் கூடாது. "உறுதி செய்யப்படவில்லை" என்று ஒரு குறி போட்டு, அவர்கள் அடுத்த முறை வரும்போது கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த முகாம் பேர்ணாம்பட்டில். அதற்குள் படிவத்தின் முகவரியை உனக்கு அனுப்புகிறேன். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை நீதான் தினமும் பயன்படுத்திச் சோதிக்கிறாய். மூன்று பெட்டிகளையும் அது ஒழுங்காகப் படிக்கிறதா, தவறு நேர்ந்தால் எந்தப் பெட்டியில் என்று சொல்கிறதா பார். உன் அப்பாவின் தேதியையே போட்டுப் பார்.

அன்புடன்,
மல்லிகா