சிறுவர் நூலைப் பற்றி இப்படி எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுவர் கதை பொழுதுபோக்கினால் போதும், தேச உணர்வைப் பாடப்புத்தகம் பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில் தங்கள் சென்ற இதழ் மதிப்புரையில் ஒரு வரி வந்திருந்தது. தங்கள் இதழிலா இப்படி என்று மனம் நொந்தது.

தாங்கள் அறியாததல்ல. இத்தாலி 1861-இல் ஒரே அரசானது. 1886-இல் வந்த எட்மண்டோ டி அமிச்சிஸின் 'குவோரே' என்ற சிறுவர் நூலில், வடக்கே தூரின் நகர வகுப்பறைக்குத் தெற்குக்கோடி கலாப்ரியாவிலிருந்து ஒரு பையன் வந்து சேர்கிறான். வகுப்பாசிரியர் சொல்ல, வகுப்பின் முதல் மாணவன் அவனைக் கட்டித் தழுவுகிறான். ஸ்வீடனில் ஆசிரியர் சங்கம் பள்ளிக்குப் புவியியல் வாசிப்பு நூல் கேட்டதால்தான் செல்மா லாகர்லெவ் 1906–07-இல் நில்ஸ் கதையை எழுதினார். வாத்தின் முதுகில் ஏறி நாட்டைச் சுற்றும் பையனின் கதை அது. இதில் பாடம் எது, பொழுதுபோக்கு எது?

நம் நாட்டு நிலைமைக்கு வருகிறேன். ஒரே படக்கதையைப் பல மொழிகளில் அச்சிடும்போது செலவு குறைய, வண்ணப் படத்தை அச்சிடும் சயான் (நீலம்), மெஜந்தா (சிவப்பு), மஞ்சள் அச்சுப் பிளேட்டுகளைப் பொதுவாக வைத்துக்கொண்டு, எழுத்து உள்ள கறுப்பு பிளேட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். படத்துக்குள் வண்ணத்தில் எழுதிய கடைப்பலகை மூல மொழியிலேயே நின்றுவிடும். தமிழ்ப் பதிப்பைப் படிக்கும் பிள்ளைக்குத் தன் தெருவே அயலாகிவிடுகிறது. தமிழ் வரி நீளம். மூலத்துக்கு அளந்துவிட்ட இடத்தில் அடங்காது. உடனே வெட்டுப்படுவது ஊர்ப்பெயரும் மரத்தின் பெயரும்தான். எழுத்துக்குக் கால் பங்கு இடம் கூடுதலாக விட்டு, பலகை எழுத்தையும் கறுப்பிலேயே தனியாக வைத்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. வரையத் தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும். படத்தை வண்ணவாரியாகப் பிளேட்டுகளுக்குப் பிரித்தபின் சொல்லிப் பயனில்லை.

மாநிலங்களை அறிமுகம் செய்யும் நூல்களோ ஆளுக்கோர் உடை, ஒரு நடனம் என்று முடிந்துவிடுகின்றன. அந்த ஊர்ப் பிள்ளை யாரோடு சண்டை போட்டது, எதற்கு அழுதது என்று ஒரு வரி கிடையாது. வேடிக்கை பார்க்கலாம், நம்மவர் என்று தோன்றாது.

இவற்றையெல்லாம் சுட்டிக்காட்ட வேண்டிய மதிப்புரையில் விலையும் பக்க எண்ணிக்கையும் இருக்கின்றன. ஓவியர் பெயர் இல்லை. சிறுவர் பகுதியைத் தாங்கள் அரைப் பக்கமாகச் சுருக்கியபோதும், விளம்பரம் வந்த வாரங்களில் அதுவும் காணாமல் போனபோதும் பொறுத்துக்கொண்டோம்.

இனியாவது சிறுவர் நூல் மதிப்புரைகளில் ஓவியர், மொழிபெயர்ப்பாளர் பெயர்களையும் மூல மொழியையும் தவறாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறுவர் நூல் பதிப்பாசிரியர் ஒருவர்