ஆர்செனிக்கைப் பிரித்துப் பார்க்கக் காசு வாங்கிவிட்டு மொத்தமாகக் கூட்டிக் கொடுத்த ரிப்போர்ட் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், பரிசோதனை லேப், கிண்டி கிளை (அல்லது அம்பத்தூர் கிளை, யார் பொறுப்பு என்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்)
நாள்: நவம்பர் 24

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது மெயில். முந்தைய ஆறுக்கும் ‘உங்கள் புகார் பதிவாகிவிட்டது’ என்று தானாக ஒரு பதில் வந்தது, ஒவ்வொரு தடவையும் புது டிக்கெட் எண்ணோடு. அதற்கு மேல் ஒரு மனிதரும் பதில் போடவில்லை.

விஷயம் உங்களுக்கே தெரியும். செப்டம்பர் 11 அன்று கிண்டி கவுண்டரில் கொடுத்த கைக்குத்தல் சிவப்பரிசி. அரைக் கிலோ பாக்கெட் இரண்டு, ஒன்று ஆர்செனிக் என்ற விஷம் எவ்வளவு இருக்கிறது என்ற டெஸ்டுக்கு, இன்னொன்று பிறகு சந்தேகம் வந்தால் திறந்து பார்க்க நீங்கள் பத்திரமாக வைத்திருக்க. 7,800 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 9,204, அங்கேயே நின்று ஜி-பேயில் கட்டினேன். ஆர்செனிக்கின் நான்கு வடிவங்களான ஆர்செனைட், ஆர்செனேட் (கனிம வகை), எம்.எம்.ஏ., டி.எம்.ஏ. (கரிம வகை, அதாவது ஆர்கானிக்) நான்கும் தனித்தனியாக, மொத்த ஆர்செனிக் தனியாக என்று உங்கள் கொட்டேஷனில் உங்கள் ஆளே டைப் செய்திருக்கிறார். நான் கேட்டதும் அதுதான்.

முதல் ரிப்போர்ட் பத்து வேலை நாளில் வரும் என்றீர்கள், செப்டம்பர் 29 அன்று வந்தது, சரி, அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை. திறந்து பார்த்தால் மொத்த ஆர்செனிக் கிலோவுக்கு 0.19 மில்லிகிராம். அடுத்த வரியில் கனிம ஆர்செனிக், அதுவும் 0.19. டி.எம்.ஏ., எம்.எம்.ஏ. வரிகளில் ஒரு சின்னக் கோடு. அதாவது ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடித்து அதையே இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்தில் முடிகிற டெஸ்டைச் செய்துவிட்டு ஒன்பதாயிரத்துக்குப் பில் போட்டிருக்கிறீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன், தவறென்றால் நிரூபியுங்கள்.

போன் செய்தேன். முதலில் எடுத்த பெண், பாவம், தன்மையாகத்தான் பேசினார், ஆனால் ‘ஆர்கானிக் ஆர்செனிக் எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் இல்லையே’ என்று நான் கேட்டதும், ‘ஆர்கானிக் அரிசின்னா அது பூச்சிமருந்து டெஸ்ட் மேடம், அதுக்குத் தனியா பணம் கட்டணும்’ என்றார். ஆர்கானிக் என்றால் கார்பனோடு சேர்ந்தது, இயற்கை விவசாயம் இல்லை தாயே என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் லைனைச் சீனியருக்கு மாற்றிவிட்டார்.

அந்த சீனியரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. பேர் கேட்டேன், சொல்லவில்லை. நான் பேசப் பேச நடுவில் யாரிடமோ டீ சொல்லிக்கொண்டிருந்தார், சர்க்கரை கம்மியாம். அப்புறம் என்னிடம் சொன்னது, வார்த்தை மாறாமல்: ‘மேடம், ஆர்செனிக்னா ஆர்செனிக்தான். விஷத்துல என்ன நல்ல விஷம், கெட்ட விஷம்? உங்களுக்கு கெமிஸ்ட்ரி தெரியுமா?’

தெரியும் ஐயா. 1994இல் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள் நான். சால்ட் அனாலிசிஸில் இரண்டாம் குரூப், ஆர்செனிக்குக்கு மஞ்சள் வீழ்படிவு என்று அழுகின முட்டை நாற்றத்துக்கு நடுவில் நின்று மனப்பாடம் செய்தவள். படிப்பு முடிந்து கல்யாணம், குழந்தை, இப்போது வீட்டிலேயே சத்துமாவு அரைத்து விற்கிறேன், அதனால் ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டார் போல. பிரித்துப் பார்ப்பதையே ஒரு டெஸ்டாக விற்கிற கம்பெனியின் ஆளே பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை என்று சொன்னால் அந்தக் கம்பெனியை என்னவென்று சொல்வது?

நல்ல விஷம், கெட்ட விஷம் என்று கேட்டாரே, அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். காசிமேட்டில் வாங்குகிற மீனிலும் ஆர்செனிக் இருக்கும், ஆனால் கடல் மீனில் பெரும்பாலும் ஆர்செனோபீட்டைன் என்ற வடிவம், அது உடம்பில் தங்காமல் அப்படியே சிறுநீரில் போய்விடும். அரிசியின் கதை வேறு. வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோய், இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்த ஆர்செனிக் ஆர்செனைட்டாக அவிழ்ந்து வருகிறது, நெல் அதை சிலிக்கா என்று நினைத்து அதே வாசல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆர்செனைட், ஆர்செனேட் இரண்டும் கனிம வகை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. டி.எம்.ஏ., எம்.எம்.ஏ. கரிம வகை, அவற்றை 2பி பிரிவில், உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறது. அவற்றையும் நான் நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் சட்டம் வரம்பு வைத்திருப்பது கனிம வகைக்கு. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு 2014இல் தீட்டின அரிசிக்கு வைத்த 0.2 மில்லிகிராமும் கனிம ஆர்செனிக்குக்குத்தான். குழந்தை உணவு செய்கிற அரிசிக்கு ஐரோப்பாவில் 2016 முதல் இருக்கிற 0.10 வரம்பும் அப்படித்தான். அமெரிக்காவிலும் குழந்தைகளுக்கான அரிசிக் கூழுக்கு 2020இல் இதே அளவைத்தான் சொன்னார்கள். இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது பாருங்கள்.

எனக்கு ஏன் இது இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சாதத்துக்கு உலை நிறைய தண்ணீர் வைத்து வடித்தால் கொஞ்சம் ஆர்செனிக் கஞ்சித் தண்ணீரோடு வெளியே போய்விடும். சத்துமாவில் வடிக்க என்ன இருக்கிறது? கிண்டினது மொத்தமும் குழந்தை வயிற்றுக்குள்தான். அதிலும் நான் போடுவது தவிடு நீக்காத அரிசி, தவிட்டில்தான் கனிம ஆர்செனிக் அதிகம் தங்கும். பாரிஸில் லா ஷப்பல் பக்கம் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் முதல் தடவையாக 120 பாக்கெட் கேட்டார், அரிசிக்கு ரிப்போர்ட் இல்லாமல் எடுக்க முடியாது தங்கச்சி என்றார். அவர் கேட்டது நியாயம்தான். உங்கள் முதல் ரிப்போர்ட்டை நம்பினால் என் அரிசி ஐரோப்பாவின் குழந்தை உணவு வரம்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் மில் பக்கமே போகவில்லை, பத்து வருடமாக எத்தனை குழந்தைக்குக் கொடுத்திருப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு நாளுக்கு நீங்கள் என்ன பில் போடுவீர்கள்?

இனி நவம்பர் 11 அன்று நடந்த கதைக்கு வருகிறேன். ரிப்போர்ட் பற்றிப் பேச வேண்டுமென்றால் டெக்னிக்கல் மேனேஜரை கிண்டியில் நேரில் பாருங்கள், 11 மணிக்கு என்று எஸ்.எம்.எஸ். அனுப்பினது நீங்கள்தான். வில்லிவாக்கத்தில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, மழையில் பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி. முழங்காலுக்குக் கீழே புடவை பிழிகிற மாதிரி. கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ‘ரிப்போர்ட் செக்‌ஷன் அம்பத்தூருக்கு மாத்தி ஒரு மாசம் ஆச்சே மேடம்’ என்கிறான். அம்பத்தூர்! எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், அவ்வளவுதான். ஊரைச் சுற்றி வந்த வழியே திரும்பிப் போய், எஸ்டேட்டுக்கு ஆட்டோவுக்கு 180 ரூபாய் அழுது, உள்ளே போனால் ‘சார் கிண்டிக்குக் கிளம்பிட்டாரே’. நான் பொய் சொல்லவில்லை, உங்கள் வாசல் ரிஜிஸ்டரில் என் கையெழுத்து நேரத்தோடு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் அக்டோபர் 27 அன்று இரண்டாவது ரிப்போர்ட் வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். ‘திருத்தப்பட்டது’ என்று மேலே ஒரு முத்திரை, எதைத் திருத்தினீர்கள், ஏன் என்று ஒரு வரி கிடையாது. இந்தத் தடவை பிரித்திருந்தீர்கள், சந்தோஷம். ஆர்செனைட் 0.07, ஆர்செனேட் 0.05, டி.எம்.ஏ. 0.11, எம்.எம்.ஏ. 0.01. கூட்டிப் பாருங்கள், 0.24. மொத்தம் மட்டும் அதே 0.19! நாலு தம்ளரில் ஊற்றினது சொம்பில் இருந்ததைவிட அதிகம். அளவீட்டில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று எனக்கும் தெரியும், ஆனால் நூறுக்கு 126 என்பது கொஞ்சமா? கனிம வகை மட்டும் 0.12 ஆகிறது, வரம்பு 0.10. அதே விகிதத்தில் குறைத்துப் பார்த்தால் 0.095 வருகிறது. அப்படிக் குறைத்துப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனால் என் அரிசி பாஸா ஃபெயிலா என்பது உங்கள் கூட்டல் தப்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது புரிகிறதா?

அரிசியை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கும்போது ஆர்செனைட்டில் கொஞ்சம் ஆர்செனேட்டாக மாறிவிடலாம், அதனால் அந்த இரண்டையும் கூட்டிப் பார்ப்பதுதான் வழக்கம், அதில் நான் சண்டைக்கு வரவில்லை. கேட்பதெல்லாம் டி.எம்.ஏ. ஒழுங்காகப் பிரிந்ததா என்பதுதான். மெஷினில் இவற்றைப் பிரிக்கிற குழாயிலிருந்து (காலம் என்பீர்களே, அது) முதலில் ஆர்செனைட் வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு டி.எம்.ஏ. வரும், இரண்டும் ஒட்டிக்கொண்டால் ஒன்றின் கணக்கு இன்னொன்றில் ஏறிவிடும். அவை பிரிந்து வந்ததைக் காட்டும் கிராஃபைக் கேட்டேன், ‘இன்டர்னல் டாக்குமென்ட்’ என்றீர்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், டெஸ்ட் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க விற்கிற 1568பி என்ற ரெஃபரன்ஸ் அரிசி மாவை கூடவே ஓட்டினீர்களா என்று கேட்டேன், பதில் இல்லை. அந்த மாவில் மொத்தம் 0.285, கனிமம் 0.092, டி.எம்.ஏ. 0.180, எம்.எம்.ஏ. 0.0116 என்று சான்றிதழிலேயே இருக்கிறது. பகுதிகளைக் கூட்டினால் மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட சரியாக வரும். உங்கள் முதல் ரிப்போர்ட் முறைப்படி பார்த்தால் அந்த மாவும் 0.285 கனிமம் என்று ஃபெயில் ஆகியிருக்கும், ‘ஆர்செனிக்னா ஆர்செனிக்தான்’ என்று அதற்கும் உங்கள் சீனியர் சொல்லியிருப்பார்.

சரி, வைத்திருக்கும் இரண்டாவது பாக்கெட்டை டெஸ்ட் செய்யுங்கள் என்று போனில் கேட்டேன். 15 நாளில் அழித்துவிட்டோம், புது சாம்பிள், புதுக் கட்டணம் என்று பதில். கொட்டேஷனில் 60 நாள் என்று இருக்கிறது, அதை விடுங்கள். நவம்பர் 11 அன்று அம்பத்தூரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் அல்லவா, ரிசப்ஷனுக்குப் பின்னால் ஃபைல் அலமாரியில், மேலிருந்து இரண்டாவது தட்டில், ஒரு நீலக் கலர் சாப்பாட்டுப் பைக்கு அடியில் என் பாக்கெட் இருக்கிறது. என் கையெழுத்து, பச்சை ஸ்கெட்ச் பேனா, வாயை மடித்து நான் ஒட்டின பிரவுன் டேப் பிரியவே இல்லை. காட்டினேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இருக்கு மேடம், ஆனா சிஸ்டத்துல டிஸ்போஸ்டுன்னு காட்டுது, அதனால எடுக்க முடியாது’ என்றார். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், சாப்பாட்டுப் பையோடு சேர்த்து.

அண்ணன் ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஆர்டர் 42,000 ரூபாய்தான், ஆனால் மாதா மாதம் எடுத்திருப்பார், கூட இரண்டு கடைக்கும் சொல்லியிருப்பார், போன பேரையும் சேர்த்தால் எனக்கு ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் நஷ்டம், அதையும் எழுத்தில் கேட்பேன். உங்கள் லெட்டர்ஹெட்டில் லேப்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிற என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை இருக்கிறது, இந்த டெஸ்ட் உங்கள் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்களையே கேட்கப் போகிறேன். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். வியாபாரத்துக்கு வாங்கினவள் நுகர்வோர் இல்லை என்று உங்கள் வக்கீல் ஆரம்பிக்க வேண்டாம், சொந்தத் தொழில் செய்து பிழைக்க வாங்கினவரும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது.

அதற்கெல்லாம் போக வேண்டாம் என்றுதான் நானும் பார்க்கிறேன். உங்கள் லேபில் வேலை செய்கிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, மெஷின் நல்ல மெஷின் என்றும் தெரியும். தயவுசெய்து அந்த அலமாரியில் இருக்கும் பாக்கெட்டை, நான் கூட இருக்கும்போது பிரித்து, காசு வாங்காமல் மறுபடி டெஸ்ட் செய்து, கிராஃபும் ரெஃபரன்ஸ் மாவின் எண்ணும் சேர்த்துக் கொடுங்கள். வரம்புக்கு மேலே வந்தால் வந்ததென்று கொடுங்கள், நான் அரிசியை மாற்றிக்கொள்கிறேன். முடியாதென்றால் 9,204 ரூபாயும் திரும்ப வேண்டும். அந்த சீனியர் எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும், டீ குடித்து முடித்துவிட்டுச் செய்யட்டும்.

டிசம்பர் 5 வரை பார்ப்பேன். நாள் சொல்வதற்கு முன்னால் பாக்கெட் கிண்டியில் இருக்கிறதா அம்பத்தூரில் இருக்கிறதா என்று ஒரு தடவை அலமாரியை எழுந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். புதன், சனி காலை வேண்டாம், மில்லில் இருப்பேன்.

இப்படிக்கு,
வில்லிவாக்கம் சிவப்பரிசி வாடிக்கையாளர்
(பெயரும் போன் நம்பரும் உங்கள் ஆறு டிக்கெட்டிலும் இருக்கின்றன)