அக்காவுக்கு, இரண்டாம் பதிப்புக்கு முன்

அக்கா,

என் நாவலில் உன்னைப் பற்றி வரும் அந்த அத்தியாயத்தை, நீ கேட்டபடி நீக்கப் போவதில்லை. பதிப்பகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அம்மாவின் வருஷ திதியன்று நீ என்னிடம் பேசியதே அந்த ஒரு விஷயம்தான். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படி நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறாளே என்று கோபம் வரும். நாவலைப் படித்துவிட்டு உன்னிடம் வந்து என்னென்னவோ சொன்னார்களே, அவர்களும் இதைப் படிக்கட்டும்.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். நீ விரும்பியவர் யார், எந்த ஊர் என்று இங்கே சொல்ல மாட்டேன். நாவலிலும் சொல்லவில்லை.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது வேறொரு மத்தியானம். நீ அம்மாவுக்கு 'அக்கினிப் பிரவேசம்' வாசித்துக் காட்டிய மத்தியானம். ஜெயகாந்தன் அதை 1966-இல் விகடனில் எழுதியபோது அம்மாவுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. நீ வாசித்தது நூலகத்துத் தொகுப்பு, அட்டை போனது. மழை நாளில் காரில் வந்த ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்கிற இடத்தில் உன் குரல் கம்மிப்போனது. அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, "பெத்தவ வேற என்னடி செய்வா?" என்றாள். நான் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தானே பிற்பாடு நீ அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாய்?

உனக்கு யாரும் எந்தக் கொடுமையும் செய்திருக்கவில்லை. நீ ஒருவரை விரும்பினாய், அவ்வளவுதான். அதற்கே அம்மாவால் முடியவில்லை. இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

'அக்கினிப் பிரவேச'த்தின் முடிவுக்காக வாசகர்கள் கொதித்தார்கள். சரி, தாய் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஜெயகாந்தனே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அதில் நாயகி கங்கா ஒரு பத்திரிகைக் கதையில் தன் வாழ்க்கையையே படிக்கிறாள். முடிவு மட்டும் வேறு. அந்தக் கதையில் வரும் அம்மாவுக்கு இருந்த மனசு தன் அம்மாவுக்கு இல்லாமல் போயிற்றே என்று அவளுக்கு ஆற்றாமை. அந்த நாவலை என் கையில் கொடுத்ததே நீதான். "எழுதறவங்க எதையும் மூடி மறைக்கக் கூடாதுடி" என்றதும் நீதான். அடுத்த வீட்டுப் பெண் என்றால் மறைக்கக் கூடாது, நம் வீடு என்றால் மூட வேண்டுமா? எனக்கு எழுதும் தைரியத்தைக் கொடுத்துவிட்டு, எழுதியதும் பேச்சை நிறுத்திவிட்டாய். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அச்சுக்குப் போகும் முன் உன்னிடம் காட்டாததற்கு மன்னித்துக்கொள். காட்டியிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். நீ சொல்லி நான் எதையும் மீறியதில்லை, எழுதாமலே விட்டிருப்பேன். அதனால்தான் காட்டவில்லை.

அந்த அத்தியாயத்தை நீ பாதியில் மூடிவிட்டாய் என்று அத்தான் சொன்னார். மீதிப் பாதியில் அம்மா இருக்கிறாள். நீ அவளிடம் எல்லாவற்றையும் சொன்ன அன்று ராத்திரி முழுக்க உன் அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். நீ உள்ளே இருந்தாய், உனக்குத் தெரியாது. எழுந்து கதவில் கை வைப்பாள். தட்ட மாட்டாள். திரும்ப வந்து உட்காருவாள். பெரியப்பா என்ன சொல்வார், தெருவில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் சேர்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. அதைத்தான் நான் நாவலாக எழுதினேன். அம்மாவை அவமானப்படுத்தினேன் என்கிறாய். அவளை அப்படிப் பார்த்தது நான் ஒருத்திதான் அக்கா. அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டால் அவள் உன்னிடம் வர நினைத்ததே இல்லை என்றாகிவிடும்.

புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் உன் தரப்பை நீயே எழுதித் தா. நாவலின் கடைசியில் உன் பெயரோடோ பெயர் இல்லாமலோ அப்படியே சேர்க்கிறேன். என்னைத் திட்டியிருந்தாலும் ஒரு வரியும் திருத்த மாட்டேன்.