மூடி வைத்தவை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகனுக்கு,

ஆவணியில் நீ ரொறன்ரோவில் இருந்து வந்து நின்றபோது எடுத்து அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் தங்கச்சி ரப்லெட்டில் இறக்கித் தந்துவிட்டுப் போனாள். 214 படம். மூன்று நாளாக அதோடுதான் இருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு விறாந்தைக் கதிரையில் இருந்து பார்க்கத் தொடங்கினால் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடுகிறது. வாடைக்காற்று தொடங்கிவிட்டது, மழையும் விட்டு விட்டுப் பெய்கிறது. வெளியே எனக்கும் பெரிதாக வேலை இல்லை.

அன்றைக்குத் தொலைபேசியில் நீ ஒன்று சொன்னாய். "இவ்வளவு எடுத்தும் இதில என்ர படம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லையம்மா." உன் குரல் இறங்கியிருந்தது. நான் ஏதோ சமாளித்துவிட்டு வைத்துவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருக்கலாம் என்று நீ நினைத்திருப்பாய். படம் எடுத்தது அப்பாதான். ஆனால் எங்கள் ஸ்ரூடியோவில் படம் தெரிந்தெடுத்தது நான். கலியாண வீட்டுக்குப் போனால் ஆறு றோல் எடுத்து வருவார். ஒரு றோலில் 36, ஆறு றோலுக்கு 216. இரவோடு இரவாகக் கழுவி, காயவிட்டு, பிலிம் அளவிலேயே ஒரே தாளில் சின்னச் சின்னதாகப் பிரின்ட் போட்டு என் முன்னால் வைப்பார். என் கையில் ஒரு சிவப்புப் பென்சில். அல்பத்துக்கு 60 படம்தான் போகும். 22 வருஷம் அந்த மேசையில் இருந்திருக்கிறேன். உன் 214ஐக் கண்டதும் அந்த மேசைதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் நாள் வேண்டாததை ஒதுக்கினேன். நிலாவெளியில் சூரியன் உதிக்கிற படம் 19 இருந்தது. புறாத்தீவில் தண்ணீருக்குள்ளே தெரிகிற பவளப்பாறை, கோட்டைக்குள் நிற்கும் மான்கள், கோணேசர் மலையின் விளிம்பில் இருந்து கீழே பார்த்த கடல், கிண்ணியாப் பாலம். எல்லாம் நல்ல படங்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அழகு அந்த இடங்களுடையது. ஆவணி மாதம் கடல் அடங்கிக் கிடக்கும்போது கமராவோடு யார் போய் நின்றாலும் அது கிடைக்கும். நீ அங்கே நின்றாய் என்பதற்கு அவை சாட்சி, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள்தான் என் கண்ணில் பட்டது. கரையில் ஏற்றிவைத்த மீன்பிடிப் போட்டு ஒன்றின் எஞ்சினை எடுத்திருக்கிறாய். உரப்பை ஒன்றைக் கவிழ்த்து மூடி, நீல நைலோன் கயிற்றால் கழுத்தில் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பையின் எழுத்து வெயிலில் வெளுத்து, பாதிதான் வாசிக்கலாம். கீழே காற்றாடி மட்டும் வெளியே தெரிகிறது. நல்ல படம் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போனேன். நாலைந்து படம் தள்ளி, கரைவலை வாடியில் வலைக்குவியல், மேலே கிடுகு. பிறகு கிண்ணியா வீதியோரத்தில் தயிர்ச்சட்டிகள், ஒவ்வொன்றின் வாயிலும் தாள் கட்டியபடி. பிறகு அம்மம்மாவின் தையல் மெஷின், நான் தைத்துப்போட்ட உறையோடு. பெட்சீற் போர்த்திய மோட்டார் சைக்கிள். பொலித்தீன் பை மாட்டிய சைக்கிள் சீற். வலை போட்டு மூடிய கிணறு. எழுந்து போய்ப் பேப்பரும் பேனையும் எடுத்துவந்து எண்ணினேன். 11 படம்.

ஒருவரும் உன்னிடம் அதை எடு என்று சொல்லவில்லை. நீயும் நினைத்து எடுக்கவில்லை. வேறு எதையோ எடுக்கப் போன வழியில் 11 தடவை நின்றிருக்கிறாய். அதுதானடா மகன் நீ தேடுவது.

உப்புக்காற்று அடிக்கிற ஊரில் மூடாமல் வைத்தால் எதுவும் மிஞ்சாது. புது ஆணி ஒன்றை வெளியே போட்டால் கொஞ்ச நாளில் துருப்பிடித்து விரலில் ஒட்டும். அதனால் இங்கே எல்லோரும் எதையாவது மூடிக்கொண்டே இருக்கிறோம். பழகிப்போனதால் எங்களுக்குத் தெரிவதில்லை. நீ தூரத்தில் இருந்து வந்ததால் கண்டாய் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால் அது மட்டும் இல்லை என்று படுகிறது.

சுனாமி வந்த 2004 மார்கழி 26ஆம் திகதி உனக்கு 9 வயது. ஓடியது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நடந்தது ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அப்பா நெகட்டிவ் போட்டு வைத்த பிஸ்கற் ரின்கள் சேற்றுக்குள் கிடந்தன. காயவிட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிடித்துவிடும், பிறகு பிரிக்க முடியாது, ஈரத்தோடேயே நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்றார். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கிணறு உப்பாகிக் கிடந்தது. பவுசரில் குடிக்கத் தந்த தண்ணீரில் இரண்டு கானை எடுத்துக் கழுவினோம். தண்ணீருக்கு வரிசையில் ஆட்கள் நிற்க, நாங்கள் பிலிம் கழுவினோம் என்ற குற்ற உணர்ச்சி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. உடுப்புக் காயப்போடுகிற கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். நீதான் கிளிப் எடுத்துத் தந்தாய். பிறகு எங்கேயோ போய், யாரோ தந்த பெட்சீற் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாய். "மண் படும் அம்மா, மூடுவம்" என்றாய். ஈர பிலிமுக்கு மேலே துணி போட்டால் ஒட்டிவிடும் என்று அப்பா சொல்ல, நீ அந்தப் பெட்சீற்றைக் காற்று வருகிற பக்கம் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாய். கை உளையும்வரைக்கும் நின்றாய்.

அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த 11 படத்தையும் பார்த்தபோது எனக்கு அந்தப் பிள்ளைதான் தெரிந்தான்.

சம்பந்தர் கோணமாமலையைப் பாடிய பதிகம் உனக்குப் பாடம். சின்ன வயதில் வெள்ளிக்கிழமைகளில் சொல்லுவாய். கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் "கோணமாமலை அமர்ந்தாரே" என்றுதான் வந்து முடியும். ஒரு பாட்டில் கடல் முத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது, இன்னொன்றில் மாதவி, புன்னை, முல்லை என்று பூமரமும் பூங்கொடியுமாக வருகிறது. வருகிற வழி வேறு வேறு, வந்து சேருகிற இடம் ஒன்று. நீ செய்யவேண்டியதும் அப்படி ஒரு பதிகம்தான். அவர் இங்கே வரவே இல்லை, இராமேசுவரத்தில் நின்றபடி இந்த மலையைப் பாடினார் என்றுதான் சொல்லிவருகிறார்கள். ரொறன்ரோவில் இருக்கிற உனக்காக இதையும் எழுதுகிறேன்.

இனி அந்த 11ஐப் பற்றிச் சொல்கிறேன். நாலைக் கழித்துவிட்டேன். கோபிக்காதே. மோட்டார் சைக்கிளும் சைக்கிள் சீற்றும் ஒரே விஷயத்தைச் சொல்லுகின்றன, பெட்சீற்றின் மடிப்பு அழகாக விழுந்திருப்பதால் மோட்டார் சைக்கிளை வைத்தேன். கிணற்றுப் படத்தில் மேகம் அவ்வளவு வடிவாக வந்திருக்கிறது, பார்க்கிற ஆளின் கண் மேலே போய்விடும், வலைக்கு வராது. தேத்தண்ணிக்கடைப் படத்தில் முதலாளி சிரிக்கிறார். முகம் ஒன்று வந்தால் மற்றப் படங்களில் இல்லாத ஒரு கதை அதில் மட்டும் தொடங்கிவிடும். நாலாவது தார்ப்பாய் போட்ட லொறி. அதில் நீ தூரத்தில் நிற்கிறாய். மற்ற எல்லாவற்றிலும் கிட்டப் போயிருக்கிறாய், கை நீட்டினால் தொடலாம் போல. அந்தக் கிட்டத்தை விடாதே. ஐந்தாறு அடி, 50 மில்லிமீற்றர் லென்ஸ், அது போதும். சூம் இருக்கிறதே என்று ஒவ்வொரு படத்துக்கும் திருகினால் ஏழு படமும் ஏழு பேர் எடுத்த மாதிரி ஆகிவிடும்.

வைத்த ஏழில் எனக்கு ஆகப் பிடித்தது எங்கள் வளவு மாதுளை. அணில் கடிக்காமல் ஒரு காய்க்குத் துணி கட்டியிருந்தேனே, அது. அப்பாவின் கோடு போட்ட சேட்டில் கிழித்த துணி. முடிச்சுக்குப் பக்கத்தில் பழைய பொத்தான் துளை ஒன்று தெரிகிறது. துணிக்குள் காய் முட்டிக்கொண்டு நிற்பதால் கோடுகள் வளைந்து போகின்றன. காற்றில் ஆடியதால் படம் கொஞ்சம் தெளிவில்லை என்று நீ அதைக் கழித்துவிடப் பார்ப்பாய். கழிக்காதே. கலியாண அல்பத்திலும் தாலி கட்டும்போது பெண்ணின் தாய் அழுகிற படம் ஆடியிருந்தால் நான் அதைத்தான் வைப்பேன், அப்பா முகத்தைச் சுளித்தாலும்.

வெளிச்சம்தான் இந்த ஏழில் சரியில்லை. ஆவணி வெயிலில் மத்தியானம் எடுத்தவற்றில் நிழல் கரிக்கட்டை மாதிரி விழுந்திருக்கிறது, காலையில் எடுத்தவை மெதுமையாக இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறுத்துகிறது. ஜேர்மனியில் பேர்ன்ட், ஹில்லா பெக்கர் என்று புருசன் பெண்சாதி இரண்டு பேர் இருந்தார்கள். 1959இல் தொடங்கி வருஷக்கணக்காகத் தண்ணீர்த் தாங்கிகள், இரும்பு உருக்கும் உலைகள், சுரங்கக் கோபுரங்கள் என்று அவற்றையே எடுத்தார்கள். வெயில் இல்லாத மப்பு நாள் பார்த்து, நேருக்கு நேர் நின்று எடுப்பார்கள். பிறகு ஒரே வகைத் தாங்கியை ஒன்பதாகவோ பன்னிரண்டாகவோ சுவரில் அடுக்கி வைப்பார்கள். வெளிச்சம் ஒரே மாதிரி இருப்பதால் பொருளுக்குப் பொருள் உள்ள வித்தியாசம் மட்டும் கண்ணுக்குப் படும். அப்பா பழைய பத்திரிகை ஒன்றில் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள் என்பதால் எனக்கு மறக்கவில்லை.

அதனால் அடுத்த முறை ஆவணியில் வராதே. மார்கழி, தையில் வா. வானம் சாம்பல் நிறத்தில் இருக்கும், நிழல் விழாது. அந்த நேரம்தான் இந்த ஊரே மூடிக் கட்டிக்கொண்டிருக்கும். கடல் அடிப்பதால் போட்டுகளை மேலே இழுத்து வைத்துவிடுவார்கள், எஞ்சின்கள் வீட்டுத் திண்ணைகளுக்கு வந்துவிடும், சாக்கும் சேலையும் போர்த்தபடி. ஆனால் ஒன்று, கேட்டு எடு. ஆள் படத்தில் இல்லை என்றாலும் பொருள் ஒருவருடையது. எதற்கு எடுக்கிறாய் என்று சொன்னால் அவர்களே வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் இன்னும் நாலு காட்டுவார்கள்.

அதுவரைக்கும் சும்மா இருக்காதே. குளிர், வெளியே போக ஏலாது என்று சொல்லுவாய். பிராக் நகரத்தில் யோசப் சூடெக் என்று ஒருவர். முதலாம் உலகப்போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு பெரிய கமராக்களைத் தூக்கித் திரிந்தார். 1940க்குப் பிறகு, ஜேர்மன்காரர் நகரத்தைப் பிடித்திருந்த காலத்தில், தன்னுடைய ஸ்ரூடியோ யன்னலையே எடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் பனி பிடித்த நாள், மழைத்துளி வழிந்த நாள், வெளியே இருக்கிற வளைந்த மரம். வருஷக்கணக்காக அந்த ஒரு யன்னல்.

போன வருஷம் நீ சொன்னாய், பக்கத்து வீட்டு அம்மா பனிக்கு முதல் தோட்டத்துச் செடிகளுக்குச் சாக்குச் சுற்றிக் கட்டுவா என்று. அதைக் கேட்டு எடு. என் மனதில் அந்தப் படம் ஏற்கனவே மாதுளைக்குப் பக்கத்தில் வந்து இருந்துவிட்டது. இரண்டு ஊரையும் கலக்கலாமா என்று நானும் யோசித்தேன். முகமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை, கிட்டமும் வெளிச்சமும் ஒன்று என்றால் கலக்கலாம். கீழே இடமும் வருஷமும் மட்டும் எழுது. விளக்கம் எழுதாதே. நான் மேலே எழுதிய பெட்சீற் கதையையும் எழுதாதே, அது உனக்குச் சொன்னது.

ஏழையும் தபாலட்டை அளவில் பிரின்ட் போட்டு எனக்கு ஒரு கட்டு அனுப்பு. கணினியில் வரிசை வைக்க எனக்கு வராது. பாயை விரித்து அதில் பரப்பி, நடந்து போகும்போதும் வரும்போதும் பார்த்தால்தான் எது எதற்குப் பக்கத்தில் இருக்க விரும்புகிறது என்று தெரியும். முதலாவது எது என்று மட்டும் இப்பவே சொல்கிறேன்: போட்டு எஞ்சின். கடைசி எது என்று தெரியவில்லை. படத்தைப் பெருப்பித்துப் பிரின்ட் போடுகிற அப்பாவின் என்லாஜர் அறைக்குள் நான் தைத்த உறைக்குள்ளேயே இருக்கிறது. அதை ஏன் நீ எடுக்கவில்லை என்று கேட்க நினைத்து, பிறகு விட்டுவிட்டேன். வரும்போது பார்ப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாதுளையில் இப்போது மூன்று காய் நிற்கிறது, அணிலும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அந்தக் கோடு போட்ட சேட்டில் ஒரு கை மீதி இருக்கிறது. மழை விட்டதும் அதை வெட்டிக் கட்டவேண்டும்.

அன்புடன்,
அம்மா