உன் ஆறு வருஷம்

கோபிசெட்டிபாளையம்
22 ஜனவரி 2026

அன்புள்ள சிநேகிதிக்கு,

நோன்பெல்லாம் நல்லபடியாக முடிந்ததா? இங்கே பட்டிப் பொங்கல் முடிந்து, பூப்பறிக்கப் போன பிள்ளைகள் கொண்டுவந்த ஆவாரம்பூ திண்ணையில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. அத்தைக்கு 81 ஆகிறது. கண் மங்கிவிட்டது, ஆனால் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றும் சேராமல் காப்புக் கட்ட விடமாட்டார்.

காப்புக் கட்டுக்கு வீடு ஒதுங்க வைத்தபோதுதான் மேல் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பிரிட்டனில் நாம் இரண்டு பேரும் ஒரே மாடி ரூமில் இருந்தபோது என் காகிதங்களும் உன் காகிதங்களும் கலந்து கிடந்தன, ஞாபகம் இருக்கிறதா? உன்னுடைய 2006 டிசம்பர் சம்பளச் சீட்டு என் பெட்டியில் இருந்தது. நாலாக மடித்து, மடிப்பில் மஞ்சளடித்துப் போயிருந்தது. அந்த மாதம் 11 நைட் டூட்டி பார்த்திருக்கிறாய். கிறிஸ்துமஸ் ராத்திரியும் நீதான். கீழே பிடித்தங்களில் 'நேஷனல் இன்சூரன்ஸ்' என்ற வரிக்கு நேராக 128 பவுண்டு, அரசு பென்ஷனுக்குக் கணக்கு வைக்கும் பிடித்தம் அதுதான். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த முதியோர் இல்லத்தில் நீ புரட்டிப் படுக்க வைத்த ஒவ்வொரு பாட்டியும் நினைவுக்கு வந்தார்கள். அந்தச் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதில் உன் இன்சூரன்ஸ் எண் இருக்கிறது, முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஆறு எண், கடைசியில் ஒரு எழுத்து. பத்திரமாக வை.

போன மாதம் போனில் அந்த ஊர் பென்ஷனைப் பற்றி நான் பேச்செடுத்ததும், "அந்த ஊரை விட்டே வந்தாச்சு, இனி அவங்க காசு நமக்கு எதுக்கு" என்றாய். அன்றைக்குச் சரி என்று விட்டுவிட்டேன். இந்தச் சீட்டைப் பார்த்த பிறகு விட முடியவில்லை. அது அவர்கள் காசு இல்லை. ஆறு வருஷம் மாதாமாதம் உன் சம்பளத்திலிருந்து போனது.

விஷயம் இதுதான். அங்கே அரசு பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 10 வருஷம் கணக்கில் இருக்க வேண்டும். 2016 ஏப்ரலில் வந்த புதிய முறையில் முழு பென்ஷனுக்கு 35 வருஷம். 2003-இல் போய் 2009-இல் திரும்பிய உனக்கு இருப்பது 6. பத்துக்கு ஒன்று குறைந்தாலும் ஒரு பைசா வராது. நான் 2011-இல் வந்தபோது என் கணக்கில் 8 வருஷம் இருந்தது, அதுவும் பூஜ்யத்துக்குச் சமம்தான். 2024-இல் ஒருத்தர் சொல்லி, விடுபட்ட 13 வருஷத்துக்கான இன்சூரன்ஸ் தொகையையும் இங்கிருந்தே நானாகக் கட்டினேன். அப்போது பழைய வருஷங்களைக் கட்டத் தனி அவகாசம் கொடுத்திருந்தார்கள். அது 2025 ஏப்ரல் 5-ஓடு போய்விட்டது. இப்போது பின்னால் 6 வருஷம் வரைக்கும்தான் போகலாம்.

அந்த 6 உனக்குப் போதும், புள்ள. 2019-20 முதல் 2024-25 வரை கட்டினால் உன் கணக்கு 12 ஆகிவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்ட இரண்டு வகை உண்டு. கிளாஸ் 2 என்பது 2025-26 விகிதத்தில் வாரம் 3.50 பவுண்டு, வருஷத்துக்கு 182. கிளாஸ் 3 என்பது வாரம் 17.75, வருஷத்துக்கு 923. அங்கே மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் இருந்து, கிளம்பும்வரை வேலை பார்த்து, இங்கே வந்தும் வேலையிலோ சொந்தத் தொழிலிலோ இருப்பவர்களுக்குக் கிளாஸ் 2 உண்டு. நீ பிளைட் ஏறிய வாரம் வரை டூட்டி பார்த்தவள். திருப்பூரில் உன் செக்கிங் யூனிட் உன் பெயரில்தானே ஓடுகிறது? ஜி.எஸ்.டி. பதிவும் உன் பெயரில்தான். உனக்கு அது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து 1,100 பவுண்டுக்குள் முடிந்துவிடும். பவுண்டுக்கு 120 ரூபாய் என்று வைத்தால் 1,32,000 ரூபாய். முழு பென்ஷன் 2025-26-இல் வாரம் 230.25 பவுண்டு. அதில் 35-இல் 12 பங்கு என்றால் சுமார் 79 பவுண்டு. ஒவ்வொரு வாரமும், உன் 67 வயதிலிருந்து, நீ இருக்கும்வரை. கட்டியது பதினைந்தே வாரத்தில் திரும்பிவிடும். கிளாஸ் 3 தான் என்று சொன்னால்கூட ஒன்றரை வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடும். நாம் இருந்தது தனியார் இல்லம் என்பதால் கணக்கு இவ்வளவு நேராக இருக்கிறது. அங்கே அரசு மருத்துவமனையில் தனி பென்ஷன் திட்டத்தில் இருந்தவர்களுக்கு 2016-க்கு முந்தைய வருஷங்களில் கழிவு வரும். நம் செட்டில் யாராவது கேட்டால் முதலில் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் கட்டச் சொல்.

அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 26 பட்ஜெட்டில் அந்த நாட்டு நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் இதில் கை வைத்துவிட்டார். 2026 ஏப்ரல் 6-இலிருந்து வரும் வருஷங்களுக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் கிளாஸ் 2 கட்ட முடியாது. கிளாஸ் 3 கட்டக்கூட, புதிதாக வருபவர்கள் அங்கே 10 வருஷம் இருந்திருக்க வேண்டும் அல்லது கட்டியிருக்க வேண்டும். உன்னிடம் இருப்பது ஆறு. அப்புறம், 2026 ஏப்ரல் 5 தாண்டினால் 2019-20 என்ற வருஷமே கையை விட்டுப் போகும். வெளிநாட்டிலிருந்து கட்ட விண்ணப்பிக்கும் சி.எஃப்.83 என்ற படிவத்தை இந்த வாரமே நிரப்பி அனுப்பு. நடப்பு வருஷத்தையும் சேர்த்துக் கேள், ஏழாகட்டும்.

பணம் அனுப்பும்போது மட்டும் கவனம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அங்கிருந்து 18 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள், அது இருந்தால்தான் பணம் உன் கணக்கில் விழும். இங்கே நான் போன வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவத்தில் நான் எழுதிக் கொடுத்த எண்ணை அனுப்பும்போது விட்டுவிட்டார்கள். பணம் போய்ச் சேர்ந்தும் யாருடையது என்று தெரியாமல் நாலு மாதம் தொங்கியது. வங்கியிடம் பணம் போனதைக் காட்டும் ஸ்விஃப்ட் நகலை வாங்கி அனுப்பிய பிறகுதான் தீர்ந்தது. நீ கவுண்டரிலேயே நின்று, திரையில் அந்த எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டு வா.

இதில் குறை இல்லாமல் இல்லை. இந்தியாவில் இருந்து வாங்குகிறவர்களுக்கு, முதல் வாரம் என்ன தொகையோ அதுவே கடைசி வரைக்கும். வருஷா வருஷம் ஏறாது. அதே காசைக் கட்டிவிட்டு அமெரிக்காவில் இருப்பவருக்கு ஏறும், நமக்கு ஏறாது. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நீ வாங்கத் தொடங்கும் 2041 வரை விகிதம் ஏறிக்கொண்டே வரும், அந்த ஏற்றம் உனக்கு உண்டு. 67-க்கு முன்னால் நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் கட்டிய காசு பிள்ளைகளுக்கு வராது. வாங்கும் காலத்தில், உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு படிவம் வரும், சாட்சிக் கையெழுத்தோடு 16 வாரத்துக்குள் அனுப்பாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். எல்லாம் தெரிந்துதான் நான் கட்டினேன்.

ஏன் என்று கேட்டால் அத்தையைத்தான் காட்டுவேன். ஐந்து ஏக்கர் பூமி, பையன் நல்லவர், குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் நேற்று சாயங்காலம் வெற்றிலைக்காரி வாசலில் நின்றபோது, சுருக்குப்பையை அவிழ்த்து உள்ளே விரலால் துழாவிப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை. நானாக ஐம்பது ரூபாய் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினார். வாழ்நாள் முழுக்கக் காட்டிலும் மாட்டுச் சாலையிலும் உழைத்தவர். அவர் பெயரில் ஒரு பிடித்தமும் எங்கேயும் ஏறவில்லை. உன் பெயரில் ஏறியிருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்கு லீவுதானே, பஸ் ஏறி வந்துவிடு. பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்து வா. இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால் என்று இருக்கும், படிவத்தில் அங்கே பதிந்த மாதிரியேதான் எழுத வேண்டும். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைக்கிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதி முடித்துவிடலாம்.

உன்,
மாடி ரூம்காரி