நாற்று சாய்ந்தபின் மருந்து தேடாதே

ஏற்காடு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மிளகாய் நாற்றின் தண்டு, மண்ணை ஒட்டிய இடத்தில் மட்டும் வெந்த கீரைத்தண்டு மாதிரி துவண்டு இளைத்திருக்கிறது. மேலே இலை இன்னும் பச்சைதான். அது நாற்றழுகல். உரம் குறைந்ததால் வந்தது இல்லை. பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சணங்கள் ஈரம் வடியாத மண்ணில் செய்கிற வேலை. மழை விடாமல் பிடித்தால் இங்கே காபி நாற்றங்காலிலும் இதே தொல்லைதான். சாய்ந்த நாற்று பிழைக்காது. சுற்றியுள்ள மண்ணோடு அள்ளிப் போட்டுவிடு.

இனி விதைக்கும் முன்பே மண்ணைக் கவனி. காபி நாற்றுப் பைக்கு 6 பங்கு காட்டு மண், 2 பங்கு மக்கிய தொழுவுரம், 1 பங்கு மணல் என்று கலப்போம். உனக்குக் காட்டு மண் கிடைக்காது, செம்மண் போதும், மணலைக் கொஞ்சம் கூட்டிக்கொள். பழைய தொட்டி மண்ணாக இருந்தால், நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, சித்திரை வெயிலில் 4 முதல் 6 வாரம் போட்டு வை. இந்த ஒரு விஷயத்தில் மேகத்துக்குள் கிடக்கிற எங்களைவிடச் சென்னையில் இருக்கிற உனக்குத்தான் வசதி. அப்புறம் விதையில் டிரைக்கோடெர்மா விரிடியைப் புரட்டு. கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, உன் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும். அது உயிருள்ள நல்ல பூஞ்சை, தாமிர மருந்தோடு சேர்த்தால் செத்துப்போகும்.

தண்ணீர் காலையில் மட்டும். சாயங்காலம் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நிற்கும். தேங்காய் நார்க்கழிவு எப்போதும் நசநசவென்று இருந்தால் குட்டிக் கறுப்பு ஈ மொய்க்கும். அதன் புழு இளம் வேரைக் கடிக்கும். மேல்மண் காய்ந்தபிறகு ஊற்று, ஒரு மஞ்சள் ஒட்டு அட்டையும் செருகி வை.

செம்பருத்திக் குச்சி வெட்டும்போது ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடை. கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை எடுத்துவிடு. மண்ணுக்குள் போகிற இலைதான் முதலில் அழுகும். பாலித்தீன் பையால் மூடினால் தினமும் கொஞ்ச நேரம் திறந்து காற்றாடவிடு.

மாசியில் மிளகு ஓடுகொடி வெட்டும்போது உனக்கும் இரண்டு பை போடுகிறேன். வேர் பிடித்ததும் அனுப்புகிறேன். நம் வீட்டுச் செடிதானே என்று உடனே மற்றத் தொட்டிகளோடு சேர்த்துவிடாதே. இரண்டு வாரம் தனியாக வை. இலைக்கு அடியிலும் காம்பு இடுக்கிலும் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. எறும்பு ஏறுகிறதா என்றும் பார், மாவுப்பூச்சி கசிகிற தேன் போன்ற இனிப்பு நீருக்குத்தான் எறும்பு வரும். மாவுப்பூச்சி வந்திருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, மறுநாள் கருகவில்லை என்றால் முழுச் செடிக்கும் தெளி.

அன்புடன்,
அப்பா